கதவைத் தட்டுபவர்

"ஒரு கட்டம் காலியா இருக்கே?" என்றார் ஆணையர்.

முந்நூற்றுப் பதினோரு படிவங்கள் மேசையில் நான்கு அடுக்காக இருந்தன. நடுவிலிருந்து ஒன்றை மட்டும், அரிசியில் கிடந்த கல்லை எடுப்பது போல, இரண்டு விரலால் எடுத்து உயர்த்திப் பிடித்திருந்தார்.

"எந்த வீடு சார்?"

"பதினேழு. மத்ததெல்லாம் ஒழுங்கா எழுதியிருக்கு. வீட்டில் எத்தனை பேர், ஒருத்தர். வாசப்படி உயரம், ஒன்றரை அடி. போன வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும், ஜன்னல் வரைக்கும். ஆறாம் கட்டம் மட்டும் காலி. யாரு இந்த ஆளு?"

"நான்தான் சார்" என்றார் வெள்ளக்காரர்.

வெள்ளக்காரர் என்ற பட்டம் அவருக்கு நிறத்தால் வந்ததல்ல. நகராட்சியில் பேரிடர் பிரிவு என்பது ஒரு மேசை, ஒரு அலமாரி, ஒரு மெகாஃபோன். மூன்றுக்கும் அவர்தான் பொறுப்பு. ஆறு பெருகினால் எல்லாருக்கும் அவர் ஞாபகம் வரும். தண்ணீர் வடியும்போது அதுவும் சேர்ந்து வடிந்துவிடும்.

போன வெள்ளத்தில் சைரன் ஒழுங்காக அடித்தது, படகுகளும் நேரத்துக்கு வந்தன. அப்படியும் மூன்று வீடுகளில் ஆட்கள் ஒரு பகல் முழுக்க உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். ஏன் என்று விசாரித்தால் தெருவே ஒரே பதிலைச் சொன்னது: "பக்கத்து வீட்ல சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சோம்." அதிலிருந்து பிறந்ததுதான் புது ஆணையரின் புதுத் திட்டம். சைரன் அடித்த பத்து நிமிஷத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் யாராவது ஒருவர் போய்த் தட்ட வேண்டும். அந்த யாராவது யார் என்று எழுதும் இடம்தான் ஆறாம் கட்டம். மேலே 'கதவைத் தட்டுபவர்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஒருவர் அதிகபட்சம் இரண்டு கதவுகள் தட்டலாம்.

இதற்காக வெள்ளக்காரர் மூன்று வாரம் வீடு வீடாக நடந்தார். தனியாக இருந்த பன்னிரண்டு பேருக்கு அவரே ஆள் பிடித்துக் கொடுத்தார். காது கேட்காத வாத்தியார் ஒருவருக்கு, தன் எதிர்வீட்டுத் தையல்காரரைப் பேசிச் சம்மதிக்க வைத்தார். தையல்காரர் கையெழுத்துப் போட்ட பிறகும் வெள்ளக்காரர் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"என்ன சார், இன்னும் ஏதாச்சும் எழுதணுமா?"

"இல்ல... உங்களுக்கு இன்னொரு கதவுக்கு இடம் இருக்கு."

"இனிமே யாருக்கு வேணும்? எல்லாருக்கும்தான் ஆச்சே. உங்களுக்கென்ன சார், கவர்மெண்ட் ஆளு. வெள்ளம் வந்தா ஆபீஸே வந்து உங்களைத் தூக்கிட்டுப் போயிடும்!"

வெள்ளக்காரர் சிரித்தார். பேனாவை மூடினார். அந்த ஆறாம் கட்டம்தான் இப்போது ஆணையரின் விரல் இடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆள் இல்லேன்னா தனியர் பட்டியல்ல ஏத்திடுங்க" என்றார் ஆணையர். நல்ல மனுஷன், வயதில் சின்னவர். "அதுல ஒண்ணும் தப்பில்ல. வெள்ளிக்கிழமை வார்டுக் கூட்டத்துல படிச்சா யாராவது கை தூக்குவாங்க."

"யார் சார் படிப்பாங்க?"

"நீங்கதான். மெகாஃபோன் உங்ககிட்டதானே இருக்கு?"

பட்டியலில் இருக்கப்போவது ஒரே ஒரு பெயர். ஊரே உட்கார்ந்திருக்க, அவர் எழுந்து நின்று அதை மெகாஃபோனில் படிக்க வேண்டும். படித்துவிட்டு, யாராவது கை தூக்குகிறார்களா என்று பார்க்க வேண்டும். யாரும் தூக்காவிட்டால், விதிப்படி, இன்னொரு தடவை படிக்க வேண்டும்.

"ஆள் இருக்கு சார்" என்றார் அவசரமாக. "எழுத மறந்துட்டேன்."

"யாரு?"

"மச்சினர்."

ஏன் மச்சினர் என்று அவருக்கே தெரியவில்லை. வாய்க்கு முதலில் அகப்பட்ட உறவு அதுதான்.

"எங்க இருக்கார்?"

"மாடியில."

"அடடே, கையெட்டற தூரம்! எழுதுங்க, எழுதுங்க."

மாடி இரண்டு வருஷமாகக் காலி. அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டியும் சில புறாக்களும்தான் குடியிருந்தன. வெள்ளக்காரர் ஆறாம் கட்டத்தில் மச்சினரைக் குடிவைத்தார். போன் நம்பர் கேட்ட இடத்தில், வீட்டு மேசை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்த தன் பழைய பட்டன் போனின் நம்பரை எழுதினார். மச்சினருடைய கையெழுத்தை இடது கையால் போட்டார். விஷயம் முடிந்தது என்று நினைத்தார்.

மூன்றாம் நாள் அவருடைய சொந்த போனுக்கு அழைப்பு வந்தது.

"மாவட்டப் பேரிடர் அலுவலகம், சரிபார்ப்பு. பதினேழாம் நம்பர் வீடா?"

ஒரு அம்மாவின் குரல். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக வந்தது. மாவட்ட அலுவலகம் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அங்கிருந்து கடிதம் வந்திருக்கிறதே தவிர, குரல் வந்ததில்லை.

"ஆமா மேடம்."

"கதவைத் தட்டுபவர் மச்சினர்னு போட்டிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"மூணாம் கட்டத்துல, கல்யாணம் ஆகாதவர்னு போட்டிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"கல்யாணம் ஆகாதவருக்கு மச்சினர் எங்கிருந்து வந்தார்?"

முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் படிவத்தில் ஓட்டை கண்டுபிடித்த மனுஷன், தன் படிவத்தில் இத்தனை பெரிய ஓட்டையை விட்டிருந்தார்.

"தங்கச்சி வீட்டுக்காரர் மேடம்."

தங்கச்சி கிடையாது. அக்கா, அண்ணன், தம்பி யாரும் கிடையாது. அப்பா அம்மாவுக்கு அவர் ஒருவர்தான். அவர்களும் போய் வெகு காலம் ஆகியிருந்தது.

"தங்கச்சியும் மாடியிலதான் இருக்காங்களா?"

"பின்னே? புருஷன் மாடியில இருந்தா பொண்டாட்டி வேற எங்க மேடம் இருப்பா?"

"அப்போ அவங்களே வந்து தட்டலாமே. கூடப் பொறந்தவங்க இருக்கறப்போ மச்சினரை ஏன் தொந்தரவு பண்ணணும்?"

"அவளுக்கு முழங்கால் வலி. மாடிப்படி இறங்க மாட்டா."

"இறங்கவே மாட்டாங்களா?"

"இறங்கவே மாட்டா" என்றார் வெள்ளக்காரர். அந்த ஒரு பதிலை மட்டும் அவரால் மனசாட்சியோடு சொல்ல முடிந்தது.

"அப்போ அவங்களுக்கு ஏழாம் நம்பர் படிவம். நடக்க இயலாதவர். ஸ்ட்ரெச்சர் ஒதுக்கறேன்."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம் மேடம்..."

"வேண்டாம்னு சொல்ல அதுல கட்டம் இல்ல சார்."

மறுநாள் ஸ்ட்ரெச்சர் வந்து இறங்கியது. அதுவும் வீட்டுக்கு வந்திருந்தாலாவது போகிறது, ஆபீசுக்கு வந்தது. பக்கத்து நாற்காலி டைப்பிஸ்ட் அம்மா தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"யாருக்கு சார் இது?"

"என் தங்கச்சிக்கு."

"உங்களுக்குத் தங்கச்சியா! பதினாலு வருஷமா பக்கத்துல உக்காந்திருக்கேன், ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீங்க கேக்கலையே."

"கேட்டாத்தான் சொல்வீங்களா? ஆனாலும் நீங்க ரொம்ப அழுத்தம் சார்!"

சாயங்காலம் கிளம்பும்போது அந்த அம்மா ஒரு பாட்டிலை அவர் மேசையில் வைத்தார். முழங்காலுக்குத் தேய்க்கும் எண்ணெய். "சூடு பண்ணித் தேய்க்கச் சொல்லுங்க. நாளைக்கு வந்து எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லணும்."

வெள்ளக்காரர் வீட்டுக்குப் போய், எண்ணெயைச் சூடு பண்ணி, தன் முழங்காலிலேயே தேய்த்துக்கொண்டார். மறுநாள் கொஞ்சம் பரவாயில்லை என்று சொன்னார். அது உண்மை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு, இப்போதெல்லாம் கூடவே எடுத்து வந்த பட்டன் போன் பேன்ட் பாக்கெட்டில் அலறியது. மச்சினருக்கு அழைப்பு. வெள்ளக்காரர் பழைய கோப்பு அறைக்குள் ஓடி, அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, குரலை வயிற்றிலிருந்து எடுத்தார்.

"ஆமாம்மா, மச்சினரேதான் பேசறேன்! சொல்லுங்க!"

இப்படிக் கணீரென்று பேசுகிற ஒரு ஆள் தனக்குள் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"சில கேள்விகள் இருக்கு. உங்களுக்குத் தூக்கம் எப்படி?"

"நல்லா வருதும்மா!"

"அதைக் கேக்கல. கூப்பிட்டா முழிச்சுக்குவீங்களா?"

"கூப்பிடக்கூட வேண்டாம்மா. கூப்பிடலாமான்னு யோசிச்சாலே முழிச்சுக்குவேன்!"

எதிர்முனையில் பேனா நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"மழையில வெளிய கிளம்புவீங்களா? இல்ல, விடட்டும்னு உக்காந்திருப்பீங்களா?"

"மழை விட்டப்புறம் வர்றதுக்கு நான் எதுக்கு? அதுக்குத் தபால்காரர் போதுமே!"

"வண்டி இருக்கா?"

"ஸ்கூட்டர் இருக்கு."

"பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வர எத்தனை நிமிஷம் ஆகும்?"

"மாடியிலேர்ந்து கீழ இறங்கறதுக்குப் பாலம் எதுக்கும்மா?"

"கேள்வி இருக்கு. பதில் சொல்லுங்க."

"ஆறு நிமிஷம்."

"மழையில?"

"மழையிலயும் ஆறுதாம்மா."

சொல்லி முடிப்பதற்குள் கோப்புத் தூசி தொண்டையில் ஏறி இருமல் வந்துவிட்டது.

"உங்களுக்கும் உங்க மச்சினருக்கும் ஒரே மாதிரி இருமல்" என்றார் அந்த அம்மா.

"ஒரே தொட்டித் தண்ணிம்மா!"

போனுக்குள் ஒரு சின்னச் சத்தம். சிரிப்பாக இருக்கலாம். மாவட்ட அலுவலகத்தில் சிரிப்பார்கள் என்று வெள்ளக்காரர் கேள்விப்பட்டதில்லை என்பதால், கம்பிக் கோளாறு என்று எடுத்துக்கொண்டார்.

அதோடு முடியும் என்று பார்த்தால், அதற்கடுத்த செவ்வாயும் நாலு மணிக்கு அழைப்பு வந்தது. "விடுபட்ட கேள்வி ஒண்ணு இருக்கு."

"கேளுங்கம்மா!"

"தட்டிட்டு உடனே போயிடுவீங்களா? திறக்கற வரைக்கும் நிப்பீங்களா?"

"நிப்பேம்மா."

"திறக்க நேரமானா?"

"நேரமானாலும் நிப்பேன்."

"சிலருக்குக் கதவைத் திறக்கற பழக்கமே விட்டுப் போயிருக்கும்."

"அதுக்கென்னம்மா. நாம தட்டறதை விடாம இருந்தா, அவங்களுக்குப் பழக்கம் திரும்ப வந்துடும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒரு சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது. ஒரு அரசு அலுவலகத்தில் நாலு மணிக்குக் கடிகாரச் சத்தம் கேட்கிறதென்றால் அந்த அறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று வெள்ளக்காரர் யோசித்திருக்கலாம். அவருக்கு அப்போது மச்சினர் வேலை தலைக்கு மேல் இருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் மூன்றரை மணிக்கே பட்டன் போனை எடுத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். மூன்றே முக்காலுக்கு இன்னொரு தடவை பார்த்தார். வீட்டில் சாப்பிடும்போது மாடியில் புறாக்கள் தத்தும் சத்தம் கேட்டால், "மெதுவா நட, முழங்கால்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னார். மழைக் காற்று அடித்த ஒரு சாயங்காலம், "மச்சினரே, மாடி ஜன்னலைச் சாத்துங்க" என்று சொல்லிவிட்டு, தானே போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

ஒருநாள் தபாலில் ஒரு உறை வந்தது. 'கூடுதல் படிவம் எட்டு. தட்டுபவரின் கையெழுத்து தேவை.' கீழே கோடு போட்டிருந்தது. மேல்பாதி வெறுமையாக இருந்தது. வெள்ளக்காரர் தன் குரலிலேயே போன் பண்ணினார்.

"மேடம், மேல ஒண்ணுமே எழுதலையே?"

"அதை இங்க நிரப்பிக்குவோம் சார். அவரைக் கையெழுத்து மட்டும் போடச் சொல்லுங்க."

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களை எத்தனை பேரை அவர் உட்கார வைத்துத் திட்டியிருப்பார்! ஆனால் இது அவர் கையெழுத்து இல்லையே, மச்சினருடையது. மச்சினர் இதற்கெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை. இடது கையால் தாராளமாகப் போட்டு அனுப்பிவிட்டார்.

சைரன் அடித்து ஊரே கதவு தட்டிப் பார்க்கும் ஒத்திகைக்கு ஒரு வாரம் இருந்தது. ஆணையர் பூரிப்போடு வந்து அவர் மேசை மூலையில் உட்கார்ந்தார்.

"சார், உங்க வீடுதான் மாதிரி வீடு!"

"எது சார்?"

"பதினேழு! நான் எல்லா ஃபைலையும் பார்த்தேன். உங்க வீட்டுக்குத்தான் ஆறாம் கட்டம், ஏழாம் படிவம், எட்டாம் படிவம்னு எல்லாமே பூர்த்தி. சனிக்கிழமை சைரன் அடிச்சதும் உங்க மச்சினர் வந்து தட்டறார். நாலு தன்னார்வலர்கள் மாடிக்குப் போய் உங்க தங்கச்சியை ஸ்ட்ரெச்சர்ல வெச்சுக் கீழ இறக்கறாங்க. அதை போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பறோம். எப்படி?"

"அவளுக்கு போட்டோன்னா கூச்சம் சார்."

"முகத்துல துணி போட்டுக்கலாம்."

"பொணம்னு நினைச்சுக்குவாங்க சார்!"

ஆணையர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ கை ஆட்டச் சொல்லுங்க."

அவர் போனதும் வெள்ளக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தங்கச்சியை ஊரை விட்டு அனுப்புவதைத் தவிர வழி இல்லை. அனுப்புவதுதான் அனுப்புகிறோம், மச்சினரையும் கூடவே அனுப்பிவிட்டால் மொத்தத் தலைவலியும் தீரும் என்று தோன்றியது. அப்புறம் தனியர் பட்டியல்தான். படித்துவிட்டுப் போகிறது. இரண்டு தடவைதானே.

சரிபார்ப்பு அம்மாவுக்குப் போன் பண்ணினார்.

"மேடம், ஒரு மாற்றம். தங்கச்சி ஊருக்குப் போறா. பொண்ணுக்குப் பிரசவம்."

"முழங்கால் வலியோடயா?"

"பெத்த மனசு மேடம்."

"சரி. ஏழாம் நம்பரை ரத்து பண்ணிடறேன்." பேனா ஓடியது. நின்றது. "மச்சினர்?"

"அவரும்தான் மேடம். கூடப் போறார்."

கடிகாரம் கேட்டது.

"எப்போ?"

"நாளைக்கு."

"சனிக்கிழமை ஒத்திகை சார்."

"தெரியும் மேடம்."

"எல்லாப் படிவமும் போட்டு மேல அனுப்பியாச்சு. இப்போ போய்ச் சொல்றீங்களே. இனிமே நான்... இனிமே வேற ஆள் எங்க பார்க்கறது?"

ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு நடுவில் எங்கேயோ நெளிந்துவிட்டது. வெள்ளக்காரருக்குச் சங்கடமாகப் போயிற்று. தன்னால் இந்த அம்மாவுக்கு மேலதிகாரியிடம் திட்டு விழப்போகிறது. பாவம், எத்தனை அக்கறையாகக் கேள்வி கேட்டவர்!

"இருங்க மேடம், இருங்க. தங்கச்சி மட்டும் போகட்டும். அவர் சனிக்கிழமை இருப்பார்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"வந்து தட்டுவாரா?"

"தட்டுவார் மேடம். நான் பொறுப்பு."

"நன்றி" என்றார் அந்த அம்மா. அந்த வார்த்தைக்கு அவர்கள் படிவம் எதிலும் கட்டம் கிடையாது.

ஸ்ட்ரெச்சர் போட்டோ இல்லை என்றதும் ஆணையருக்கு முகம் வாடியது. உடனே தெளிந்தது. "பரவாயில்ல. தட்டறதையாவது ஒழுங்காப் பதிவு பண்ணுவோம். உங்க வாசல்ல தீயணைப்பு வீரர் ஒருத்தரை நிறுத்தறேன். மச்சினர் தட்டணும், நீங்க திறக்கணும். அவர் கண்ணால பார்த்து டிக் போடுவார்."

ஆகவே சனிக்கிழமை காலை, வெள்ளக்காரருக்கு ஒரே கதவின் இரண்டு பக்கத்திலும் வேலை இருந்தது.

திட்டத்தை அவர் பேரிடர் பிரிவுக்கே உரிய முறையில், வரைபடம் போட்டுத் தயாரித்திருந்தார். ஆபீஸ் ஸ்டோரிலிருந்து ஒரு மழைக்கோட்டு. கண்ணாடி இறக்கிய ஹெல்மெட். இரண்டையும் மாட்டிக்கொண்டு, பின்பக்கப் படியேறி மாடிக்குப் போய், சைரன் அடித்ததும் முன்பக்கப் படியால் இறங்கி வந்து தட்ட வேண்டும். தட்டிவிட்டுப் பக்கச் சந்து வழியாகக் கொல்லைப்புறம் ஓடி, கோட்டையும் ஹெல்மெட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே வந்து கதவைத் திறக்க வேண்டும். ஒத்திகைக்கு முன் மூன்று தடவை ஒத்திகை பார்த்தார். நாற்பது விநாடி.

பத்து மணிக்கு சைரன் அடித்தது.

வெள்ளக்காரர் தடதடவென்று படியிறங்கினார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரர், தன் வாத்தியாரைத் தட்டப் புறப்பட்டவர், ஹெல்மெட்டும் மழைக்கோட்டுமாக வந்த உருவத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

"யாரு, வெள்ளக்காரர் வீட்டுக்கா? அவரைத் தேடிக்கூட ஆள் வருதா! இந்தத் தெருவுக்கு வந்து இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். ஹெல்மெட் கண்ணாடி உள்பக்கமாகக் கொஞ்சம் மங்கியது.

வாசலில் தீயணைப்பு வீரர் அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தார். மலை மாதிரி ஆள், இடுப்பில் கோடரி. "தட்டுங்க சார்."

வெள்ளக்காரர் தட்டினார். டொக், டொக், டொக். நல்ல தடித்த மரக்கதவு. சத்தம் கனமாக, மரியாதையாக இருந்தது. தன் கதவு தட்டப்பட்டால் இப்படித்தான் கேட்கும் என்று அவருக்கு இத்தனை வருஷம் தெரியாது. அதையும் இன்றைக்கு வெளியில் நின்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

"சரி, நான் வரேன்" என்று சந்துப் பக்கம் திரும்பினார்.

"எங்க போறீங்க? திறக்கட்டும்."

"திறந்துடுவார்."

"திறக்கற வரைக்கும் நிக்கணும் சார். அதானே விதி? இன்னும் பலமாத் தட்டுங்க."

டொக், டொக், டொக்.

"ஒரு சத்தத்தையும் காணோமே" என்றார் தீயணைப்பு வீரர். முகம் மாறியது. "தனியா இருக்கறவர்தானே? உள்ள விழுந்து கிடக்கறாரோ என்னமோ." கை கோடரிக்குப் போனது.

"ஐயையோ, வேண்டாம்! குளிச்சுட்டிருப்பார்!"

"சைரன் அடிக்கறப்போவா?"

"அவர் கொஞ்சம் அப்படித்தான்! நீங்க தள்ளி நில்லுங்க, நான் பின்னாடி போய்க் கூப்பிடறேன்."

பதிலுக்குக் காத்திராமல் சந்தில் ஓடினார். கொல்லைக் கதவில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டது. இழுத்ததில் பொத்தான் தெறித்தது. உள்ளே பாய்ந்து, கழற்றியவற்றை அடுப்படியில் வீசி, ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்கதவைத் திறந்தார்.

"யாரு தட்டினது? குளிச்சுட்டிருந்தேன்."

"உங்க மச்சினர்தான். தலை நனையலையே சார்?"

"இப்பத்தான் ஆரம்பிச்சேன்."

"அவர் எங்க?"

"பின்பக்கம் நிக்கறார்."

"தட்டினவர் கையெழுத்துப் போடணும். வரச் சொல்லுங்க."

கதவைச் சாத்தினார். அடுப்படிக்கு ஓடினார். கோட்டு, ஹெல்மெட், சந்து. அறுபதை நெருங்கும் முழங்கால். டைப்பிஸ்ட் அம்மாவின் எண்ணெய் மட்டும் இல்லாவிட்டால் நடுச்சந்திலேயே உட்கார்ந்திருப்பார். முன்பக்கம் வந்து, மூச்சு வாங்க, இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

தீயணைப்பு வீரர் நிதானமாக டிக் போட்டார். ஆக, முடிந்தது. பதினேழாம் நம்பர் வீட்டு ஆறாம் கட்டம் இனி நிரந்தரமாக நிரம்பிவிட்டது. நாளைக்கே மச்சினரையும் தங்கச்சியிடம் அனுப்பிவிடலாம். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு இனி அழைப்பு வராது. பட்டன் போன் டிராயருக்குத் திரும்பிவிடும். ஹெல்மெட்டுக்குள் வெள்ளக்காரர் சந்தோஷப்பட முயன்றார். அது சரியாக வரவில்லை. அவர் படியேறத் திரும்பியபோது, தீயணைப்பு வீரர் அட்டையில் தாளைப் புரட்டிவிட்டு அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க சார் மாடிக்குப் போறீங்க? எட்டாம் படிவத்துல உங்க பேருக்கு இன்னொரு கதவும் இருக்கே! பாலத்துக்கு அந்தப் பக்கம், மாவட்ட ஆபீஸ் சரிபார்ப்பு அம்மா, வீட்டில் எத்தனை பேர், ஒருத்தர். சைரன் அடிச்சதும் கதவுக்குப் பின்னாடியே வந்து நிப்பேன்னு எழுதியிருக்காங்க, ஓடுங்க, பத்து நிமிஷத்துல இன்னும் ஆறுதான் பாக்கி."